தோட்டக்கலைக் கழகமும் நம் பள்ளிகளும்

'தோட்டப் பள்ளி' என்றால் மலேசியத் தமிழருக்கு ஒரு பொருள். 'பள்ளித் தோட்டம்' என்றால் மற்றொரு பொருள். முன்னது பால்மரக் காட்டினிடையே தொழிலாளர் பிள்ளைகளுக்கென எழுந்த பள்ளி. பின்னது அப்பள்ளியின் புறத்தே மாணவர் கீரையும் வெண்டையும் வளர்க்கும் சிறு நிலம். தமிழ்நாட்டிலிருந்து வரும் அன்பர்கள் இச்சொல்லை நாம் ஆளும் முறை கண்டு வியப்பதுண்டு. அவர்களுக்குத் தோட்டம் என்பது வீட்டுக்குப் பின்னே இருப்பது. நமக்கோ அது ஆலையும் அலுவலகமும் கோயிலும் லயங்களும் அடங்கிய ஓர் ஊர். பழந்தமிழில் இத்தகைய மயக்கத்துக்கு இடமில்லை. மனையை ஒட்டிப் பயிரிடும் நிலத்தைப் படப்பை என்றனர். கொத்தியும் உழுதும் பயிர் செய்யும் தோட்டத்தைத் துடவை என்றனர். மரம் செறிந்த சோலையைத் தண்டலை என்றும் பொழில் என்றும் வழங்கினர்.

அச்சொற்கள் வழக்கொழிந்தமைக்கு வருந்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சொல்லால் குறிக்கப்பட்ட பொருளே நம் கையைவிட்டுப் போகின்றது என்பதுதான் கவலை. அண்மையில் ஐந்தாம் வகுப்பில் பொன்னாங்கண்ணிக் கீரை ஒரு கொத்தைக் காட்டி, இஃது என்ன என்று வினவினேன். பதினொரு பிள்ளைகளில் இருவரே பெயர் சொன்னார்கள். அவ்விருவரும் பாட்டியோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் என்பது பின்னர் தெரிந்தது. மற்ற ஒன்பது பேரும் அறிவிற் குறைந்தவர் அல்லர். அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர்கள். பொன்னாங்கண்ணியை மண்ணில் காணும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்ததில்லை.

இக்குறையைத் தீர்க்கப் பள்ளித் தோட்டம் ஒன்றே போதும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. தோட்டத்துக்கு மண்ணும் நீரும் வேண்டும். ஆனால் அவற்றுக்கு முன்பாக அதனைக் காக்கும் ஒரு கூட்டம் வேண்டும். அக்கூட்டத்துக்கே தோட்டக்கலைக் கழகம் என்று பெயர். அது யாது, எங்கே தோன்றிற்று, எவ்வாறு இயங்குகின்றது, நம் பள்ளிகள் அதனால் பெறத்தக்கது என்ன என்பவற்றை இங்கே காண்போம்.

கழகம் என்பது யாது?

செடி வளர்ப்பதில் விருப்பமுள்ளோர் ஒன்றுகூடி, மாதந்தோறும் ஒரு நாளைக் குறித்துச் சந்தித்து, தாம் கற்றதைப் பகிர்ந்து, விதையும் நாற்றும் மாற்றிக்கொண்டு, இடையிடையே தோட்டங்களையும் காடுகளையும் சென்று கண்டு, இயலுமாயின் ஒரு பொது நிலத்தில் சேர்ந்து பயிர் செய்யும் அமைப்பே தோட்டக்கலைக் கழகம். எனவே அதன் பணிகள் மூன்று: மாதக் கூட்டம், உலா, கூட்டுத் தோட்டம். முதலாவது அறிவை வளர்ப்பது. இரண்டாவது கண்ணைத் திறப்பது. மூன்றாவது கையைப் பழக்குவது. மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

இத்தகைய கழகங்கள் இந்திய நாட்டில் ஆங்கிலேயர் காலத்தில் தோன்றின. கல்கத்தாவில் வில்லியம் கேரியின் முயற்சியால் 1820-இலும், சென்னையில் 1835-இலும் வேளாண் தோட்டக்கலைச் சங்கங்கள் நிறுவப்பட்டன. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் 1891-இல் பன்னிரண்டு பெண்மணிகள் ஒரு வீட்டில் கூடித் தொடங்கியதை அந்நாட்டின் முதல் தோட்டக்கலைக் கழகம் என்பர். பெருஞ்செல்வமோ பெருநிலமோ அவர்களுக்குத் தொடக்கத்தில் தேவைப்படவில்லை. குறித்த நாளில் கூடுவது என்னும் ஒழுங்கே அவர்களின் முதலாயிற்று.

சிங்கப்பூர்ச் சங்கமும் பால்மரமும்

நமக்கு மிக அருகில் தோன்றிய கழகம் ஒன்றுண்டு. நம் வாழ்வோடு அதற்குள்ள தொடர்பு நம்மில் பலர் அறியாதது. 1859-இல் சிங்கப்பூரில் ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தங்ளின் பகுதியில் நிலம் பெற்று ஒரு தோட்டம் அமைத்தது. உறுப்பினர் சந்தா, மலர்க் கண்காட்சி, மாலை நேர இசை என்று அது நடைபெற்று வந்தது. பின்னர்ப் பணமுடை நேர்ந்தது. 1870-களின் நடுவில் அரசாங்கம் தோட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதுவே இன்றைய சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா. 2015-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம் பெற்றது.

அந்தத் தோட்டத்துக்கு 1877-இல் இலண்டனை அடுத்த கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து 22 இரப்பர் நாற்றுகள் வந்து சேர்ந்தன. அதற்கு முந்திய ஆண்டில் ஹென்றி விக்காம் பிரேசில் நாட்டிலிருந்து கொணர்ந்த விதைகளில் முளைத்தவற்றின் வழி வந்தவை அவை. 1888-இல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் மீண்டும் மீண்டும் பால் சீவும் முறையை ஆராய்ந்து வகுத்தார். அதன் பின்னரே இரப்பர் மலாயாவின் பெரும் பயிராயிற்று. 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் பெருமளவில் பயிரிடத் தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோகூரின் காடுகளும் பால்மரத் தோட்டங்களாயின. கரும்புக்கும் காப்பிக்கும் முன்னரே வந்திருந்த தமிழர் தொகை, பால்மரத்தால் பன்மடங்கு பெருகிற்று.

இதனை எண்ணிப் பாருங்கள். மலர்க் கண்காட்சி நடத்த விரும்பிய சிலர் சந்தா போட்டு ஒரு தோட்டம் வைத்தனர். அத்தோட்டத்தில் ஊன்றிய நாற்றுகள் ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றின. நம் பாட்டன்மாரைக் கடல் கடத்தி இங்குக் கொணர்ந்தன. தோட்டக்கலைக் கழகம் என்பது ஓய்வுடையோரின் பொழுதுபோக்கு என்று இகழ்வோர்க்கு இவ்வரலாறே தக்க விடையாகும்.

லயத்துக் கொல்லை

தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் பிறர்க்குப் பால்மரம் வளர்த்தனர்; தமக்குக் கீரை வளர்த்தனர். லயத்தின் பின்புறத்தில் முருங்கையும், கறிவேப்பிலையும், வாழையும், பசளிக் கொடியும், பயற்றங்காய்ப் பந்தலும் இல்லாத வீடு அரிது. ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில் அரிசி கிடைக்காதபோது, உயிர் தாங்கியது மரவள்ளிக் கிழங்கு என்று முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம்.

இக்கொல்லைகளுக்குச் சட்டத்தின் துணையும் ஓரளவு இருந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பமுள்ள தொழிலாளி ஒவ்வொருவர்க்கும் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. அதே சட்டந்தான், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் பள்ளி அமைக்க வேண்டும் என்ற விதிக்கும் இடமளித்தது. ஆகவே லயத்துக் கொல்லையும் தோட்டப் பள்ளியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம். சட்டத்தில் எழுதியதெல்லாம் எல்லாத் தோட்டங்களிலும் நடந்தது என்று கூற இயலாது; எனினும் கொல்லை என்பது தொழிலாளி வாழ்வின் ஒரு பகுதி என்று சட்டமே ஒப்புக்கொண்டது குறிப்பிடத்தக்கது.

ஆனால் ஒரு பெருங்குறை இருந்தது. உழைப்பு தொழிலாளியுடையது; நிலம் நிருவாகத்துடையது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பால்மரம் செம்பனைக்கு இடங்கொடுத்தபோதும், செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களுக்கு இடங்கொடுத்தபோதும், லயத்தோடு கொல்லையும் போயிற்று. நாற்பது ஆண்டு வளர்த்த முருங்கைக்கும் மாவுக்கும் கணக்கு எழுதுவார் இல்லை. மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குச் சென்றனர். பயிர்த்தொழில் அறிவு அவர்களோடு சென்றது. அதனை ஊன்றுதற்கு மண் செல்லவில்லை. மண்ணின்றி ஒரு தலைமுறை வாழ்ந்தால் அறிவும் அழியும் என்பதற்கு என் ஐந்தாம் வகுப்பே சான்று.

இரண்டு ஆசிரியர்கள் கண்ட பாடம்

ஜெர்மனியில் லைப்சிக் என்றொரு நகரம். அங்கே ஷ்ரேபர் என்னும் மருத்துவர், நெருக்கடியான நகரில் வளரும் பிள்ளைகளுக்கு விளையாட வெளி வேண்டும் என்று வற்புறுத்தி வந்தார். அவர் 1861-இல் மறைந்தார். 1864-இல் ஹவுஷில்ட் என்னும் பள்ளித் தலைமையாசிரியர், பெற்றோரையும் ஆசிரியரையும் ஒன்றுசேர்த்து ஒரு சங்கம் அமைத்து, அதற்கு ஷ்ரேபரின் பெயரையே சூட்டினார். சங்கம் ஒரு விளையாட்டுத் திடலை உண்டாக்கிற்று. சில ஆண்டுகளுக்குப் பின் கெசெல் என்னும் ஆசிரியர், பிள்ளைகள் செடி வளர்க்கப் பழகட்டும் என்று அத்திடலின் ஓரத்தில் சிறு பாத்திகளை வகுத்தார்.

பிள்ளைகள் முதலில் ஆர்வத்தோடு கொத்தினர். விரைவில் சலித்து விளையாடப் போயினர். பாத்திகளில் களை மண்டிற்று. அப்போது பெற்றோர் மண்வெட்டியை எடுத்தனர். பிள்ளைகளின் பாத்திகள் குடும்பப் பாத்திகளாயின, வேலி எழுந்தது, விதிகள் எழுந்தன. ஷ்ரேபர் தாமே ஒரு தோட்டமும் அமைக்காதவர். ஆயினும் அவர் பெயரால் அவை 'ஷ்ரேபர் தோட்டங்கள்' என்று நாடெங்கும் பரவின. இன்று ஜெர்மனியில் இத்தகைய சிறுதோட்டங்கள் ஏறத்தாழ 9 இலட்சம் உள்ளன.

இவ்வரலாற்றை நான் படித்தபோது நகைப்பும் நாணமும் ஒருங்கே எழுந்தன. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு தோட்டப் பள்ளியில் எட்டுப் பாத்திகள் அமைத்தேன். வெண்டையும் தண்டுக்கீரையும் செழித்தன. வந்தோர் எல்லாரும் பாராட்டினர். ஆண்டிறுதி விடுமுறை வந்தது. நான் பள்ளியைப் பூட்டி ஊருக்குச் சென்றேன். அது மழைக்காலம். வடிகால் போதிய ஆழமின்மையால் நீர் தேங்கிக் கீரை அழுகிற்று; வேலியின் ஒரு கழி விழுந்த வழியே மாடு புகுந்தது; எஞ்சிய இடத்தை லாலாங் புல் பிடித்தது. திரும்பி வந்த பிள்ளைகள் அதனைப் பார்த்து நின்ற நிலை இன்றும் என் மனத்தில் உள்ளது. மழையைக் குறை கூறுவதிற் பயனில்லை. பள்ளிக்குப் பின்னால் இருபது வீடுகள் இருந்தன. அவற்றுள் தேர்ந்த கைகள் இருந்தன. அவர்களில் ஒருவரையும் நான் அழைக்கவில்லை. தோட்டம் பள்ளியுடையதாக இருந்தது, ஊருடையதாக இல்லை. லைப்சிக் ஆசிரியர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கண்ட பாடத்தை நான் எட்டுப் பாத்திகளை இழந்து கற்றேன்.

மாதக் கூட்டம்

கழகத்தின் உயிர்நாடி மாதக் கூட்டமே. ஒவ்வொரு மாதமும் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அது நடைபெற வேண்டும். ஒரு மணி நேரம் போதும். முதல் பத்து மணித்துளிகள் சென்ற மாத வேலைகளின் அறிக்கைக்கு. அடுத்த அரைமணி ஒரு செய்முறை விளக்கத்துக்கு. எஞ்சியது விதை மாற்றுக்கும் ஐயம் வினவுதற்கும். சொற்பொழிவு நீண்டால் கூட்டம் குறையும் என்பதை மறத்தலாகாது.

எவற்றை விளக்குவது? நம் மாநிலத்தின் மண்ணும் மழையுமே பாடத்திட்டம் வகுத்துத் தருகின்றன. ஜோகூரின் மேட்டு நிலங்களில் பெரும்பாலும் மழையால் சத்துக் கரைந்த செம்மண். அதன் அமில காரக் குறியீடு பொதுவாக 4-க்கும் 5-க்கும் இடையில் நிற்கும். காய்கறிகளில் பல 6-க்கும் 7-க்கும் இடைப்பட்ட மண்ணை விரும்புவன. ஆகவே நடுதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே சுண்ணாம்புத் தூள் கலத்தல் வேண்டும். பொந்தியான் பக்கத்துக் கரிசதுப்பு நிலமோ இன்னும் புளிப்பு மிக்கது. மண்ணின் புளிப்பை அளக்கும் தாளைக் கொண்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மண்ணை ஆராய்வது முதல் மாதத்துக்குத் தகுந்த பாடம். அஃது அறிவியல் பாடமும் ஆகும்.

இரண்டாவது, மக்கு உரம். உலர்ந்த இலை மூன்று பங்கும் பசுந்தழையும் சமையற் கழிவும் ஒரு பங்குமாக அடுக்கி, ஈரம் காத்து, வாரம் ஒரு முறை புரட்டினால் இரண்டு மூன்று மாதங்களில் உரம் ஆயத்தமாகும். செம்பனை ஆலையின் வெற்றுக்குலை கிடைக்கும் ஊர்களில் அதனைப் பாத்தியின் மேல் பரப்பலாம். களை அடங்கும், ஈரம் நிற்கும். மூன்றாவது, பாத்தி அமைப்பு. வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் கிழக்குக் கரையோர ஊர்களை மிகுதியும் நனைப்பது. பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டாதவர் என்னைப் போல் வருந்துவர்.

நான்காவது, நடுபொருள். முருங்கையை முதிர்ந்த கொம்பு நட்டு வளர்க்கலாம். பொன்னாங்கண்ணிக்குக் கணுவுள்ள தண்டு போதும். வல்லாரை ஓடுகொடியால் பரவும். கறிவேப்பிலையின் விதையைப் பழுத்த உடனே விதைக்க வேண்டும். காய்ந்தால் முளைக்கும் ஆற்றல் விரைவில் குன்றும். ஐந்தாவது, காலக் கணக்கு. தண்டுக்கீரை நான்கு வாரங்களில் பறிக்கலாம். வெண்டை ஏழு வாரங்களில் காய்க்கத் தொடங்கும். கத்தரி நாற்று நட்டபின் இரண்டு மாதங்களுக்கு மேல் பொறுத்திருக்க வேண்டும். பள்ளி விடுமுறை நாட்காட்டியை முன்வைத்து இக்கணக்கைப் போட்டால், அறுவடை விடுமுறையில் வீணாகாது.

ஆறாவது பாடம் கொசு. நாட்டில் டெங்கிக் காய்ச்சல் நீங்காத நிலையில் இதனைத் தள்ளிவைக்க இயலாது. ஏடிஸ் கொசு முட்டை முதிர்ந்து பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே பூந்தொட்டித் தட்டு, வாளி, நீர்த்தொட்டி ஆகியவற்றை வாரந்தோறும் தவறாது சோதிக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். கொசு பெருக இடமளிப்பது 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இக்கூட்டங்களில் பேசத் தகுதியுடையவர் யார்? வேளாண்மைத் துறை அலுவலரை ஒரு முறை அழைக்கலாம். ஆனால் மற்ற மாதங்களில் பேச வேண்டியவர்கள் நம் ஊர் மூதாட்டியரே. அவர்கள் மேடையில் பேச நாணுவர். பாத்தியின் ஓரத்தில் நிறுத்தினால் நிறுத்தாமற் பேசுவர். தமிழாசிரியர் அருகிருந்து அவர்கள் வாயில் வரும் சொற்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு கீரைக்கு இரண்டு மூன்று பெயர்கள் வெளிப்படும். மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும் வழக்குகள் வெளிப்படும். வல்லாரையை மலாய் அன்பர் பெகாகா என்பர். முருங்கையை மெருங்கை என்பர். இவ்விரண்டாவது சொல்லின் ஒலியொற்றுமை மாணவர்க்கு ஒரு மொழிப்பாடத்தையே திறந்து வைக்கும். ஒவ்வொரு செடிக்கும் தமிழிலும் மலாயிலும் பெயர்ப்பலகை வைப்பது மாணவர் பணி.

உலா

உலா என்பது இன்பச் செலவு மட்டுமன்று. ஒரு வினாவோடு சென்று விடையோடு திரும்புவது. பொந்தியான் மாவட்டத்துப் பெக்கான் நானாஸ் ஊருக்குச் செல்வோர், புளித்த கரிசதுப்பு நிலத்திலும் அன்னாசி செழிப்பது ஏன் என்ற வினாவோடு செல்லலாம். ஜோகூர் வகையையும் சரவாக் வகையையும் கலந்து உருவாக்கி 1996-இல் வெளியிட்ட 'ஜோசாபைன்' என்னும் அன்னாசியின் பெயரிலேயே இரு மாநிலங்களும் அடங்கியிருப்பதைப் பிள்ளைகள் கண்டு மகிழ்வர். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாயில், உப்பு நீரில் நிற்கும் கண்டல் மரம் எவ்வாறு மூச்சு விடுகின்றது என்று காணலாம். பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குச் சென்றால், நம் குடும்ப வரலாறு தொடங்கிய மண்ணையே மிதிக்கலாம்.

உலாவால் விளையும் பயனுக்கு நம் மாநிலமே சான்று தருகின்றது. 1940-இல் தொடங்கிய மலாயா இயற்கைக் கழகம், இன்று மலேசிய இயற்கைக் கழகம் என வழங்குவது, சொற்பொழிவும் காட்டுச் செலவுமாக இயங்கும் உறுப்பினர் கழகமே. எண்டாவ் ரொம்பின் காட்டின் பகாங் பகுதியில் 1977-இல் மரம் வெட்டத் தொடங்கியபோது எழுந்த எதிர்ப்பில் அதுவும் பங்கு கொண்டது. பின்னர் 1985, 1986-ஆம் ஆண்டுகளில் அக்கழகம் அக்காட்டினுள் ஓர் ஆராய்ச்சிச் செலவை நடத்திற்று. அறிஞரோடு தொண்டர் பலரும் சென்றனர். அக்காட்டில் வளரும் ஒரு விசிறிப்பனைக்கு 1987-இல் எண்டாவ் என்னும் பெயரமையவே அறிவியற் பெயர் சூட்டப்பட்டது. 1993-இல் காட்டின் ஜோகூர்ப் பகுதி தேசியப் பூங்காவாயிற்று. கண்டவர் காத்தனர், காணாதவர் காப்பது அரிது.

கூட்டுத் தோட்டம்

மூன்றாவது பணியே கடினமானது. ஏனெனில் அங்கே நிலம் வருகின்றது. கூட்டுத் தோட்டத்தை இருவகையில் நடத்தலாம். எல்லாரும் எல்லாப் பாத்தியிலும் உழைத்து விளைவைப் பகிர்வது ஒன்று. குடும்பத்துக்கு ஒரு பாத்தியெனப் பிரித்து, வழியும் நீரும் வேலியும் மட்டும் பொதுவாக வைப்பது மற்றொன்று. முன்னதில் உழைப்பவர் சிலர், உண்பவர் பலர் என்ற மனக்குறை எழும். பின்னதில் அவரவர் பாத்தி அழகுறும். பொது வழியில் புல் முளைக்கும். பள்ளிகளுக்கு இரண்டும் கலந்த முறையே ஏற்றது: வகுப்புக்கு ஒரு பாத்தி, குடும்பங்களுக்குச் சில பாத்திகள், பழமரங்களும் மக்கு உரக்குழியும் பொது.

சிங்கப்பூரில் 2005-இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய திட்டத்தின் கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டுத் தோட்டங்கள் குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் தோன்றியுள்ளன. அங்கே பூங்காக்களில் தனியாருக்கு வாடகைக்கு விடும் பாத்தி 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமுமே. அவ்வளவு சிறிய மண்ணுக்கும் மக்கள் காத்திருக்கின்றனர். கோலாலம்பூரில் 2017-இல் தொடங்கிய கெபுன் கெபுன் பங்சார், உயரழுத்த மின்கம்பிகளின் கீழுள்ள ஒதுக்கு நிலத்தில் அமைந்தது. வீடு கட்ட உதவாத நிலமும் கீரைக்கு உதவும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. நம் அரசும் 1974-இல் பசுமைப் புத்தகத் திட்டம் வகுத்து மக்களைப் பயிரிடத் தூண்டியதை முதியோர் நினைவுகூர்வர்.

இங்கே ஓர் ஒப்பீடு செய்தல் வேண்டும். ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். ஜெர்மனியில் 1983-ஆம் ஆண்டுச் சிறுதோட்டச் சட்டம் ஒரு தோட்டத்துக்கு விதித்த மேல்வரம்பு 400 சதுர மீட்டர். அளவில் நம் லயத்துக் கொல்லை மிகவும் பின்தங்கியதன்று. வேறுபாடு எங்கே? அச்சட்டம், காரணமின்றிக் குத்தகையை முறிக்கலாகாது என்றும், தோட்டக்காரர் குற்றமின்றி நிலத்தை விட நேரும் நிலைகளில் அவர் வைத்த மரஞ்செடிகளுக்கு ஈடு தர வேண்டும் என்றும் கூறுகின்றது. அவர்களைத் தாங்கியது சங்கம். சங்கத்தைத் தாங்கியது எழுத்து. நம்மவர் ஒவ்வொருவரும் தனித்தனியே, தத்தம் லயத்தின் பின்னே, வாய்மொழி இசைவில் பயிரிட்டனர். நிலம் போனபோது கேட்பதற்கு ஒரு சங்கமும் இல்லை. காட்டுவதற்கு ஓர் ஏடும் இல்லை.

ஆகவே இனி அமையும் கூட்டுத் தோட்டம் ஒவ்வொன்றும் எழுத்தோடு தொடங்க வேண்டும். நிலம் பள்ளியுடையதாயின் பள்ளி வாரியத்தின் தீர்மானம். நகராண்மையுடையதாயின் அதன் இசைவுக் கடிதம். தனியாருடையதாயின் ஆண்டுக்கணக்கு குறித்த உடன்படிக்கை. தலைமையாசிரியர் மாறுவார், நிருவாகம் மாறும், தாள் மாறாது.

தொடங்கும் வகை

ஜோகூரில் எழுபதளவு தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, தோட்டம் மறைந்த பின்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்பவை. ஒவ்வொன்றிலும் ஒரு கழகம் தொடங்குதல் அரிய செயலன்று. முதல் ஆண்டுக்குப் பன்னிரண்டு உறுப்பினர் போதும்: ஆசிரியர் இருவர், பெற்றோர் ஐவர், முதியோர் மூவர், முன்னாள் மாணவர் இருவர். தலைமையாசிரியர் தலைவராக இருத்தல் வேண்டா; அவர் மாற்றலாகிச் செல்பவர். ஊரில் நிலையாக வாழும் ஒருவரே தலைவராதல் நன்று. பாத்திகள் நான்குக்கு மேல் வேண்டா. விடுமுறைக்கு முன்பே நீர்ப்பாய்ச்சும் முறைவரிசை எழுதிச் சுவரில் ஒட்டப்படல் வேண்டும். ஆண்டில் பத்துக் கூட்டமும் இரண்டு உலாவும் நடந்தால் அது வெற்றியே. வேளாண்மைத் துறையின் நகர வேளாண்மைத் திட்டம் பள்ளிகளுக்கும் குடியிருப்போர் குழுக்களுக்கும் உதவும் வழிகளை மாவட்ட அலுவலகத்திற் கேட்டறியலாம். ஆனால் உதவி வந்த பின் தொடங்குவோம் என்று காத்திருத்தல் கூடாது.

சென்ற ஆண்டு என் பள்ளியில் இவ்வாறு ஒரு சிறு கழகம் தொடங்கினோம். பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். இப்போது வருவோர் ஒன்பதின்மர். நீண்ட விடுமுறையில் நான் ஊரில் இல்லாத இரண்டு வாரங்களும் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர், எழுபதைக் கடந்த ஒரு பாட்டியும், ஐந்தாம் வகுப்பில் பொன்னாங்கண்ணியின் பெயர் தெரியாதிருந்த ஒன்பது பிள்ளைகளில் ஒருவனும் ஆவர். திரும்பி வந்தபோது ஒரு பாத்தியில் புழு விழுந்திருந்தது. மூன்று பாத்திகள் நலமாயிருந்தன. "சார், வாய்க்காலை இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டணும்னு பாட்டி சொன்னாங்க" என்றான் அவன்.

எட்டுப் பாத்திகளை வைத்து நான் செய்ய இயலாததை நான்கு பாத்திகளை வைத்து அவ்விருவரும் செய்தனர். பிற பள்ளிகளின் ஆசிரிய அன்பர்களும் தத்தம் ஊரில் அத்தகைய இருவரைத் தேடிக் கண்டு, அடுத்த மாதத்தில் ஒரு நாளைக் குறிப்பார்களாக.